வலி இல்லாத கைக்கு எதற்கு டாக்டர்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. இருபது வருடத்துக்கு மேலாக முடக்குவாதம். ஒன்பது வருடத்துக்கு முன் வலது முழங்கை மூட்டை மாற்றினார்கள். நான்கு வருடத்துக்கு முன் இடது தோள்மூட்டு. அதை ‘ரிவர்ஸ்’ வகை என்றார்கள். இரண்டுக்கும் முதல் ஒரு வருடம் ஒழுங்காகப் போய்க் காட்டினோம். அதோடு சரி. “நல்லா இருக்கிற கையைக் கொண்டுபோய் எதுக்குக் காட்டணும், வலிச்சா நானே சொல்ல மாட்டேனா?” என்கிறார் அம்மா. உண்மையிலேயே வலி இல்லை. ஆனால் இரண்டு மாதமாக முழங்கையை நீட்டி மடக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கே கேட்கிறது. ராத்திரியில் சுண்டுவிரல் மரத்துப்போகிறதாம். ஆபரேஷன் செய்த டாக்டர் இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. பழைய எக்ஸ்ரே எதுவும் எங்களிடம் இல்லை. அடுத்த மாதம் ஒரு பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். என் பையனுக்கு ஒரு வயது. பகலில் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார், தூக்கி வைத்துக்கொள்கிறார். மாற்று மூட்டு வைத்தவர்கள் எத்தனை வருடம் டாக்டரிடம் போய்க்கொண்டே இருக்க வேண்டும்? நீங்கள் எழுதுவதை அம்மாவிடம் படித்துக் காட்டுவேன். - ஒரு வாசகி

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கையை இரண்டு வாரத்துக்குள் ஒரு எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் தோள், முழங்கை மாற்று ஆபரேஷன்களை அதிகம் செய்கிறவராகத் தேடுங்கள். அதே நாளில் தோளுக்கும் படம் எடுத்துவிடுங்கள். இன்று ராத்திரியே ஓட வேண்டிய விஷயம் இல்லை. மூட்டு சிவந்து சூடாக இருந்தால், தழும்பிலிருந்து நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், அம்மா கீழே விழுந்தால், கை திடீரென்று தூக்க வராமல் போனால் மட்டும் அன்றைக்கே போங்கள்.

இனி அம்மாவின் வாதம். “வலிச்சா சொல்ல மாட்டேனா?” என்று என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். பிறவி மூட்டுக்கு அது நியாயமான பேச்சு. உள்ளே ஏதாவது கெட்டால் அது கத்திவிடும். மாற்று மூட்டு அப்படி இல்லை. அங்கே உலோகமும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கும் ஒன்றின் மேல் ஒன்று நகர்கின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள் கொஞ்சம் உதிரும். உடம்பில் குப்பை அள்ளுகிற செல்கள் அதை விழுங்கும், செரிக்க முடியாது. அந்த எரிச்சலில் அவை சுரக்கிற ரசாயனங்கள், எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடும். உள்ளே செருகிய உலோகத் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு வருடக்கணக்கில் மெல்லக் கரையும். இந்தக் கரைசல் பெரும்பாலும் வலிப்பதில்லை. சுவரில் அடித்த ஆணியைச் சுற்றிக் காரை உதிர்ந்தாலும் ஆணி நின்றுகொண்டுதான் இருக்கும், அதில் எதையாவது மாட்டும் வரை. தண்டு எலும்புக்குள் அசைய ஆரம்பித்த பிறகுதான் வலி வரும். அதற்குள் கரைய வேண்டியது கரைந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். முழங்கை மாற்றிப் பதினொரு வருடம். வண்டியிலிருந்து ஒரு பையை இறக்கியபோது மேல்கையில் ‘மளுக்’ என்றது. படம் எடுத்தோம். தண்டின் நுனி இருந்த இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. தண்டைச் சுற்றி மிச்சமிருந்த எலும்பு முட்டை ஓடு கனத்தில் இருந்தது. “இதுக்கு முன்னாடி வலிச்சுதா?” என்று கேட்டேன். “ஒரு நாள்கூட இல்லை சார்” என்றார். மறுநாள் அவர் மகன் வீட்டில் தேடி ஐந்தாம் வருடத்தில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். ஐந்தாம் வருடப் படத்திலேயே, தண்டை ஒட்டவைக்கிற சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கருங்கோடு ஓடியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்தக் கையை யாரும் படம் பிடிக்கவில்லை. கோடாக இருந்தபோதே கண்டுபிடித்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, எலும்பு கெட்டியாக இருக்கும்போதே சரிசெய்திருக்கலாம். கடைசியில் நீளமான தண்டு, வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த எலும்பு என்று அரை நாள் ஆபரேஷன் ஆனது.

வலி இல்லாதபோது எடுக்கிற படத்துக்கு அவ்வளவு மதிப்பு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வலி வந்த பிறகு எடுக்கும் படம் என்ன ஆயிற்று என்று காட்டும்; அவ்வளவுதான்.

முழங்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அதுதான். முடக்குவாதக்காரர்களுக்குப் பெரும்பாலும் கீல் மாதிரி இணைந்த மூட்டைத்தான் வைப்பார்கள். உங்கள் அம்மாவுக்கும் அதுவே என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு தண்டு மேல்கை எலும்புக்குள், இன்னொன்று முன்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள எலும்புக்குள், இரண்டும் சிமென்டில் பதிந்திருக்கும். நடுவில் இரண்டையும் கோத்து ஓர் அச்சு. அச்சைச் சுற்றிப் பிளாஸ்டிக் புஷ், அதாவது உராய்வை வாங்கிக்கொள்கிற வளையம். 1970-களின் தொடக்கத்தில் வந்த முழங்கைகள் இறுக்கமான கீல்கள். பக்கவாட்டில் துளியும் அசையாது. கையை முறுக்குகிற விசை முழுக்க நேராகச் சிமென்டில் போய் இறங்கியது. சில வருடங்களிலேயே நிறைய மூட்டுகள் ஆட்டம் கண்டன. அதற்குப் பிறகு வந்தவற்றில் வேண்டுமென்றே சில டிகிரி பக்கவாட்டுத் தளர்வு வைத்தார்கள். அந்த விசையில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள தசைகளே வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் புஷ் தேயத் தேயத் தளர்வு கூடிக்கொண்டே போகும். கடைசியில் உலோகம் உலோகத்தில் இடிக்கும்.

‘டக்’ சத்தம் அதுவாக இருக்கலாம். தசைநார் ஒன்று எலும்பு விளிம்பில் வழுக்குகிற சத்தமாகவும் இருக்கலாம், அது ஒன்றும் செய்யாது. ஆபரேஷன் முடிந்த மாதத்திலிருந்தே இருக்கிற சத்தம் என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். ஏறக்குறைய ஒன்பது வருடம் பேசாமல் இருந்த மூட்டு புதிதாகப் பேசுவதால் கேட்கிறேன். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. கையை நேராக வைத்து எடுத்த படத்தில் இரண்டு உலோகத் துண்டுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று கோணம் அளந்துதான் தேய்மானத்தை ஊகிக்கிறோம். புஷ் மட்டும் தேய்ந்திருந்து தண்டுகள் உறுதியாக இருந்தால், புஷ்ஷை மட்டும் மாற்றிவிடலாம். அது ஒப்பிடுகையில் சின்ன வேலை. தள்ளிப்போட்டால் தண்டுகளும் சேர்ந்து தளர்ந்துவிடும். நீங்களே கையை இப்படி அப்படி ஆட்டிப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியவர் பார்க்கட்டும்.

சுண்டுவிரல் மரத்துப்போவதற்கு வருவோம். முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் விரல் வரை கரண்ட் அடிக்குமே, அது உல்நார் நரம்பு. முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டிப் போகிறது. மூட்டை மாற்றும்போது அதைத் தேடிப் பிடித்து விலக்கிவைத்துவிட்டுத்தான் மற்ற வேலையே. அதனால் ஆபரேஷன் ஆன புதிதில் கொஞ்சம் மரமரப்பு இருந்தால் ஆச்சரியப்பட மாட்டோம். ஒன்பது வருடம் கழித்துப் புதிதாக வந்தால் அதற்குக் காரணம் வேண்டும். தளர்ந்த கீல் நரம்பை இழுக்கலாம். தழும்பு இறுக்கலாம். கையை நன்றாக மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற பழக்கமே காரணமாக இருக்கலாம். முடக்குவாதக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு, கழுத்து. கழுத்தெலும்பு மூட்டுகளையும் இந்த நோய் விடுவதில்லை. அங்கே நரம்பு நசுங்கினாலும் விரல்தான் மரத்துப்போகும். ஆகவே கழுத்தையும் பார்க்கச் சொல்லி நீங்களே ஞாபகப்படுத்துங்கள். அவசரத்தில் விட்டுப்போகிற இடம் அது.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். ஒரு தாளை அம்மாவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள், சாவியைப் பிடிக்கிற மாதிரி. நீங்கள் மெல்ல இழுங்கள். விடாமல் பிடிப்பதற்காக அம்மா கட்டைவிரல் நுனியை மடக்கிக் குத்திப் பிடித்தால் அந்த உல்நார் நரம்பு இயக்குகிற தசை பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கையின் முதுகுப்பக்கம் குழி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முடக்குவாதத்தில் கட்டைவிரல் ஏற்கெனவே வளைந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அப்போது இடது கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தெரிந்ததை டாக்டரிடம் சொன்னால் போதும். மரத்துப்போவதோடு பலமும் குறைந்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அதுவரை ராத்திரி முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிவிடுங்கள், முழுக்க மடங்காமல் இருக்கும்.

முழங்கையைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை. முழங்கை முனையில் சில சமயம் எலுமிச்சை அளவுக்கு நீர் கோத்துக்கொண்டு வீங்கும். பக்கத்து கிளினிக்கில் “ஊசி போட்டு எடுத்துவிடலாம்” என்பார்கள், நல்ல மனதோடுதான். மாற்று மூட்டு இருக்கிற முழங்கையில் யாரும் அப்படிச் சாதாரணமாக ஊசி குத்த விடாதீர்கள். அங்கே தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் சதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வெளியிலிருக்கிற கிருமி ஒரே குத்தில் உள்ளே போய்விடும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தில் எடுக்கட்டும். அந்த இடத்தில் ஒரு சிராய்ப்பு ஆறாமல் இருந்தாலும் காட்டுங்கள்.

தோள் விஷயத்தில் எனக்குக் கவலை குறைவு. ‘ரிவர்ஸ்’ என்றால் தலைகீழ். இயற்கையில் மேல்கை எலும்பின் தலை பந்து, தோள்பட்டை எலும்பில் கிண்ணம். இதில் பந்தைத் தோள்பட்டையில் திருகிவிட்டுக் கிண்ணத்தைக் கையில் வைக்கிறார்கள். பிரான்ஸின் திஜோன் நகரில் பால் கிராமோன் 1985-ல் கொண்டுவந்த யோசனை. தோளைச் சுற்றியுள்ள சின்னத் தசைநார்கள் கிழிந்து உதவாமல் போனவர்களுக்குச் சாதாரண மாற்று மூட்டு நிற்காது, மேலே நழுவிவிடும். பந்தும் கிண்ணமும் இடம் மாறும்போது சுழலும் மையம் உள்பக்கமும் கீழேயும் நகர்கிறது. தோளின் வெளிப்புறம் தொப்பி மாதிரி மூடியிருக்கும் டெல்டாய்டு தசை ஒன்றே கையைத் தூக்கிவிடுகிறது. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக அம்மாவுக்கு இன்னும் சிரமம் இருந்தால் மூட்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த வகையில் அது பலருக்கும் வருவதில்லை.

இந்தத் தோளில் நாங்கள் தேடுகிறவை வேறு. கையைத் தாழ்த்தும்போது பிளாஸ்டிக் கிண்ணத்தின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் அடிப்பக்கத்தில் உரசி ஒரு பள்ளம் பறிக்கலாம். பல பேருக்கு அது சின்னதாக இருந்து அப்படியே நின்றுவிடும். வளர்கிறதா என்று படத்துக்குப் படம் பார்ப்போம். டெல்டாய்டு முழு பாரத்தையும் இழுப்பதால் அது ஒட்டியிருக்கும் தோள் உச்சி எலும்பில் விரிசல் விழலாம். எலும்பு மெலிந்தவர்கள், முடக்குவாதக்காரர்கள் இதில் முன்வரிசை. மூட்டு நன்றாக இருக்கும், அதன் கூரை கீறியிருக்கும். தோள் உச்சியில் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஓர் இடத்தில் புதிதாக வலி வந்து, கை முன்னைப் போல் உயராவிட்டால் அதைத்தான் சந்தேகப்படுவேன். சாதாரண எக்ஸ்ரே அதைப் பல சமயம் தவறவிடும், சி.டி. ஸ்கேன் கேட்க வேண்டும். பிறகு, நாற்காலியில் கையைப் பின்னால் ஊன்றி எழுந்திருப்பது. தலைகீழ் மூட்டு நழுவுவதற்கு அதைவிடத் தோதான நிலை இல்லை. முதல் சில மாதங்களில்தான் அந்த ஆபத்து அதிகம் என்றாலும், பழக்கமாகவே விட்டுவிடுவது நல்லது. வலது கையையும் ஊன்றக் கூடாது என்பதால் அம்மாவுக்கு உயரமான இருக்கையாகப் பார்த்துக் கொடுங்கள்.

சாதாரண வகைத் தோள் மாற்றிக்கொண்ட மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: உங்களுக்குப் பெரும்பாலும் பலவீனமாவது பிளாஸ்டிக் கிண்ணத்தின் பிடிப்பு, அடுத்தது, இத்தனை வருடம் தாங்கிய தசைநார் கிழிவது. கை மெல்ல மெல்ல உயரம் குறைகிறது என்றால் வயசாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்.

தொற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகின் முதல் மாற்றுத் தோளை 1893-ல் பாரிஸில் ஜூல் பெயான் வைத்தார். பிளாட்டினம் குழாயும் ரப்பர் பந்தும். செய்து கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். நோயாளிக்குத் தோளில் காசநோய். கை நன்றாகவே வேலை செய்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத் தொற்று அடங்காமல் அதை எடுக்க வேண்டியதாயிற்று. நூற்று முப்பது வருடத்தில் உலோகம் மாறிவிட்டது, தொற்று மட்டும் அதே குணத்தோடு இருக்கிறது: அவசரப்படாமல் வருகிறது. தோளில் அடிக்கடி பிடிபடுகிற கிருமி கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ். முகப்பருவோடு நாம் சேர்த்துப் பேசுகிற அதே ஆசாமிதான். தோள், அக்குள் பக்கத் தோலின் மயிர்க்கால்களில் சாதுவாகக் குடியிருப்பது. உள்ளே போனால் சீழும் காய்ச்சலும் காட்டாது. காரணம் தெரியாத இறுக்கம், மந்தமான வலி, அவ்வளவுதான். ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். அளவுகள் இரண்டும் சரியாகவே இருக்கலாம். மூட்டிலிருந்து எடுத்த நீரையோ சதையையோ ஆய்வகத்தில் 14 நாள் வரை வைத்திருந்து பார்த்தால்தான் முளைக்கும். மூன்றாம் நாளே ‘கிருமி இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அதை நம்ப முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: மாற்று மூட்டில் சந்தேகம் வந்தால், மாதிரி எடுக்கும் முன்னால் யார் கொடுத்தாலும் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடாதீர்கள். இரண்டு மாத்திரை போதும், கிருமி ஒளிந்துகொள்ளும், மூட்டை விட்டுப் போகாது. உடம்பு முழுக்கக் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் இந்தப் பேச்சு பொருந்தாது. அது அவசர சிகிச்சைப் பிரிவின் வேலை.

பழைய படங்கள் இல்லை என்கிறீர்கள். கவலைப்பட வைக்கிற விஷயம் இது, ஏனென்றால் மாற்று மூட்டின் எக்ஸ்ரே தனியாகப் பேசாது; பழைய படத்தின் பக்கத்தில் வைத்தால்தான் பேசும். டாக்டர் போய்விட்டாலும் ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவு இருக்கும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து மூன்றைக் கேளுங்கள்: ஆபரேஷன் குறிப்பு, முதல் எக்ஸ்ரே, இம்பிளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம். மூட்டின் ஒவ்வொரு துண்டும் வருகிற டப்பாவில் கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். தியேட்டரில் அதை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் சில சமயம் ஒட்டியிருப்பார்கள், அலமாரியைத் தேடிப் பாருங்கள். எதற்கு இந்தப் பாடு என்றால், புஷ் மாற்ற வேண்டியிருந்தால் அந்த மாடலுக்கான புஷ்தான் பொருந்தும்; அந்த அச்சைக் கழற்றவும் அந்தக் கம்பெனியின் கருவிதான் வேண்டும். கழற்றுகிற கருவி கைவசம் இல்லாமல் தியேட்டருக்குள் போவதைப் போல ஒரு சங்கடம் எங்கள் தொழிலில் வேறு இல்லை.

எதுவுமே கிடைக்காவிட்டால் இப்போது எடுக்கிற படத்தையே முதல் படமாக வைத்துக்கொண்டு, சந்தேகம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிடச் சொல்வேன். எடுக்கிற விதமும் முக்கியம். இரண்டு கோணத்தில் வேண்டும்: முழங்கைக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தோளுக்கு மூட்டு இடைவெளி தெரிகிற மாதிரி நேராக ஒன்று, அக்குள் வழியாக ஒன்று. தண்டின் நுனி வரை படத்தில் விழ வேண்டும். நுனி வெட்டுப்பட்டிருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். டிஜிட்டல் கோப்பாக வாங்கிக் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.

படம் மட்டும் போதாது. நல்ல பரிசோதனை என்றால் தோள் தெரிகிற மாதிரி உடையை விலக்கிவிட்டு, டாக்டர் முதலில் தொடாமல் பார்ப்பார். கையைத் தூக்கச் சொல்வார். தலைக்கு மேலே கையை நீட்டச் சொல்லி முழங்கையின் பின்பக்கத் தசை பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பார். முழங்கை ஆபரேஷனில் அந்தத் தசையை விலக்கிவிட்டுத் திரும்பத் தைத்திருப்பார்கள். பிடிப்பு விட்டுப்போயிருந்தாலும் பூமியின் இழுப்பிலேயே கை நீண்டுவிடுவதால் நோயாளிக்குத் தெரியாது. ஒரு கேள்வித்தாளும் கொடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் என்று தோளுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, பன்னிரண்டு பன்னிரண்டு கேள்வி. உடுத்த முடிகிறதா, தலை வார முடிகிறதா, ராத்திரி தூக்கம் கெடுகிறதா என்கிற ரகம். தோளுக்கு 48 முழு மதிப்பெண். அம்மா அதில் 40 வாங்கினாலும் 25 வாங்கினாலும் பரவாயில்லை. போன முறையைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே எங்களுக்கு வேண்டும். சில இடங்களில் இந்தத் தாளைத் தபாலில் அனுப்பியே ஃபாலோ-அப்பை முடித்துவிடுகிறார்கள். தோளுக்கு, கூடவே ஒரு படமும் எடுத்தால், ஒப்புக்கொள்வேன். முழங்கைக்கு என் சம்மதம் இல்லை. உள்ளே கரைகிற எலும்பு எந்தக் கேள்விக்கும் பதில் எழுதாது.

எத்தனை வருடம் என்று கேட்டிருந்தீர்கள். மூட்டு உடம்பில் இருக்கிற வரை. ஆனால் இடைவெளி நீளமானதுதான், பயப்படாதீர்கள். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு கணக்கு இருக்கும். நான் முதல் வருடத்தில் ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் பார்க்கிறேன். பிறகு தோளுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. முழங்கைக்கு வருடம் ஒருமுறை. பத்து வருடம் தாண்டிய எந்த மூட்டையும் வருடாவருடம் பார்ப்பேன்.

முழங்கைக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? தோள் மாற்றிய நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்து வருடத்தில் மறு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. முழங்கையில் அந்த எண்ணிக்கை எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் நிற்கிறது. அடிபட்டு மாற்றியவர்களைவிட முடக்குவாதக்காரர்களுக்கு முழங்கை அதிக நாள் உழைக்கிறது. கையை அவ்வளவு பாடுபடுத்த மாட்டார்கள் என்பதே காரணம். இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூட்டு தளர்ந்து அவதிப்பட்டாலும் மறு ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டில் இருக்கிறவர் கணக்கில் ‘நல்ல மூட்டு’தான். அதோடு இது அரிதான ஆபரேஷன். இங்கிலாந்தில் 2003-ல் தொடங்கிய தேசிய மூட்டுப் பதிவேட்டில் இடுப்பும் முழங்காலும் வருடத்துக்கு ஆளுக்கு ஒரு லட்சம் போல ஏறுகின்றன. தோளும் முழங்கையும் அதில் சேர்ந்ததே 2012-ல்தான், முழு முழங்கை மாற்று வருடத்துக்குச் சில நூறுதான். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கும்போது, திரும்பி வந்து காட்டுகிற ஒவ்வொருவரும் எங்களுக்குப் பாடம்.

பல்லைத் தள்ளிப்போட வேண்டாம். சீழ் பிடித்த பல் வாயில் இருப்பதுதான் மூட்டுக்கு ஆபத்து, பிடுங்குவது அல்ல. மாற்று மூட்டு இருக்கிற எல்லோருக்கும் பல் வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்கிற பழைய வழக்கம் இப்போது பொதுவாகக் கைவிடப்பட்டுவிட்டது. அம்மா எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்துகள் எடுப்பவர் என்றால் அவர் விஷயத்தைத் தனியாக முடிவுசெய்ய வேண்டும்: பல் டாக்டர், முடக்குவாத டாக்டர், மூட்டு டாக்டர் மூவருக்கும் மாற்று மூட்டு இருப்பதும் மருந்துப் பட்டியலும் தெரிய வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒன்று மட்டும்: முழங்கைப் பரிசோதனையில் நீர் எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானால், பல்லுக்கான ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகு வருகிற மாதிரி தேதியைச் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பேரன். முழங்கை மாற்றியவர்களுக்கு நாங்கள் சொல்கிற எல்லை: எப்போதாவது ஒருமுறை தூக்குவது 5 கிலோவுக்குள், திரும்பத் திரும்பத் தூக்குவது 1 கிலோவுக்குள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் ஒரு கிலோ. இது ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ இல்லை, ஆயுசுக்கும். ஒரு வயதுக் குழந்தை ஒன்பது பத்து கிலோ இருக்கும். அதுவும் துள்ளும், பின்னால் சாயும், முறுக்கிக்கொண்டு இறங்கும். அந்த முறுக்குதான் புஷ்ஷைத் தின்கிறது. ஒன்பதாம் வருடத்தில் சத்தம் வந்ததற்கும் ஒரு வயதுப் பேரனுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் இதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். இந்த எல்லையை யாராவது ஒன்பது வருடத்துக்கு முன் அவரிடம் உட்கார்ந்து சொன்னார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

குழந்தையைப் பிரிக்க வேண்டியதில்லை. அம்மா முதலில் உட்காரட்டும். வேறு யாராவது குழந்தையை மடியில் ஏற்றிவிடட்டும், இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து அவனே தவழ்ந்து ஏறட்டும். தூங்க வைப்பதும் கதை சொல்வதும் அங்கேயே நடக்கட்டும். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பது மட்டும் வேண்டாம். பகலில் வீட்டில் அம்மாவும் குழந்தையும் தனியாக இருக்கிறார்கள் என்றால், தொட்டிலிலிருந்து அவனை யார் எடுப்பது என்பதை இந்த வாரமே முடிவுசெய்யுங்கள். படம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.